மேப்பிள் லீஃப்ஸின் புதிய பயிற்சிக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 மே மாதம் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணி தன் தலைமைப் பயிற்சியாளரை மாற்றியது. அடுத்த சில வாரங்களில் உதவிப் பயிற்சியாளர்களிலும் சிலர் போய்ப் புதியவர்கள் வந்தார்கள். அந்தக் குழுவில் யார் யார், எந்த வேலை யார் கையில், முதல் சீசன் எப்படிப் போனது என்பதெல்லாம் கீழே இருக்கிறது. 2025 கோடைவரை நடந்ததை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஹாக்கி பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் வரிசையாகப் படியுங்கள். பழக்கமுள்ளவர்கள் நேராகப் பவர் ப்ளே பற்றிய கேள்விக்குப் போய்விடலாம்.

யார் போனார், யார் வந்தார்?

ஷெல்டன் கீஃப் போனார், கிரெய்க் பெரூபி வந்தார்.

2024 மே 4 அன்று பாஸ்டனில் ப்ளேஆஃபின், அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றுகளின், முதல் சுற்றில் ஏழாவது ஆட்டம். ஒரு சுற்றில் அதிகபட்சம் ஏழு ஆட்டம்; முதலில் நான்கை வெல்கிற அணி முன்னேறும். கூடுதல் நேரத்தில் ப்ரூயின்ஸ் அணியின் டேவிட் பாஸ்டர்நாக் அடித்த கோலில் லீஃப்ஸ் 2-1 என்று தோற்று வெளியேறியது. மே 9 அன்று கீஃபை நீக்கினார்கள். மே 17 அன்று பெரூபியின் பெயர் அறிவிக்கப்பட்டது. இடையில் எட்டு நாள்தான். அப்போது அணியின் பொது மேலாளர் பிராட் ட்ரிலிவிங், அவருக்கு மேலே தலைவராக பிரெண்டன் ஷனஹன். கீஃபும் வேலையில்லாமல் இருந்துவிடவில்லை; அதே மாதத்திலேயே நியூ ஜெர்சி டெவில்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது.

கீஃப் அவ்வளவு மோசமான பயிற்சியாளரா?

இல்லை. 82 ஆட்டச் சீசனில் அவரது கணக்கு யாரும் பொறாமைப்படும்படிதான் இருந்தது. 2019 நவம்பரில் மைக் பாப்காக்கின் இடத்துக்கு வந்தவர், லீக் ஆட்டங்களில் 212 வெற்றி பெற்றார். 2021-22 சீசனில் அணி 115 புள்ளி எடுத்தது (வெற்றிக்கு இரண்டு, கூடுதல் நேரத்திலோ அதற்குப் பிறகோ தோற்றால் ஒன்று). அந்த அணியின் நூறாண்டு வரலாற்றில் அதுவே அதிகம்.

சிக்கல் ஏப்ரலுக்குப் பிறகுதான். அவர் காலத்தில் ப்ளேஆஃப் சுற்று ஒன்றே ஒன்றைத்தான் அணி வென்றது, 2023இல் டாம்பா பேக்கு எதிராக. 2021இல் மான்ட்ரியாலிடம் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி, 2022இல் டாம்பாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி, 2024இல் பாஸ்டனிடம் மறுபடி ஏழாவது ஆட்டத்தில். இந்த அணி லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாகத் தூக்கியது 1967இல். அப்படிப்பட்ட ஊரில் ஐந்து வருடம் பொறுத்ததே பெரிய விஷயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பெரூபி யார்?

ஆல்பர்ட்டா மாகாணத்தில் காலஹூ என்ற சின்ன ஊர்க்காரர். 1965இல் பிறந்தவர். க்ரீ பழங்குடி வம்சாவளி உண்டு. வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் 1,054 ஆட்டம் ஆடியிருக்கிறார், மொத்தம் 61 கோல். அவர் கோல் அடிக்க எடுக்கப்பட்ட ஆள் இல்லை என்பது இதிலிருந்தே புரியும். தவறு செய்தவரை உட்கார வைக்கும் பெனால்டி பெட்டியில் அவர் உட்கார்ந்த நேரம் 3,149 நிமிடம்; லீக் வரலாற்றில் ஏழாவது இடம். அதாவது சக வீரரை எவனாவது தப்பாக இடித்தால், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகப் போய்க் கேட்கிற ஆள்.

டொராண்டோவுக்கு அவர் புதியவர் அல்ல. 1991-92 சீசனில் 40 ஆட்டம் இதே சீருடையில் ஆடினார். பிறகு 1992 ஜனவரியில் பத்து வீரர்கள் கைமாறிய பெரிய பரிமாற்றம் ஒன்று நடந்தது. அதில் கால்கரிக்கு அனுப்பப்பட்ட ஐந்து பேரில் இவரும் ஒருவர். பதிலுக்கு வந்தவர்களில் டக் கில்மோர் இருந்தார். கில்மோரை இன்றும் டொராண்டோ ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆக, பெரூபி லீஃப்ஸுக்குச் செய்த முதல் பெரிய உதவி அங்கிருந்து கிளம்பிப் போனதுதான் என்று கிண்டலாகச் சொல்லலாம்.

அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? 2019 செயின்ட் லூயிஸ் கதை என்று எல்லோரும் சொல்கிறார்களே?

அந்தக் கதை தெரியாமல் இந்த நியமனம் புரியாது.

2018 நவம்பரில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் தன் பயிற்சியாளர் மைக் யோவை நீக்கிவிட்டு, உதவியாளராக இருந்த பெரூபியைத் தற்காலிகமாக உட்கார வைத்தது. உடனே எதுவும் மாறவில்லை. 2019 ஜனவரி 3 காலையில் லீக் முழுவதற்கும் கடைசி இடத்தில் இருந்தது ப்ளூஸ்தான். அதற்கு அப்புறம் நடந்ததை ஹாக்கி உலகம் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது. ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோல்கீப்பர் ஜனவரி 7 அன்று முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கினார்; ஒரு கோல்கூட விடவில்லை. பிறகு வரிசையாகப் பதினோரு வெற்றி. ப்ளேஆஃபில் வின்னிபெக், டாலஸ், சான் ஹோசே என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனை அதன் சொந்த மைதானத்திலேயே 4-1 என்று தோற்கடித்தார்கள். 1967இல் தொடங்கிய அணிக்கு அதுவே முதல் கோப்பை.

டொராண்டோ மேலிடத்தின் கண்ணில் இது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாங்கள் எந்த இடத்தில், எந்த அணியிடம் திரும்பத் திரும்பத் தோற்கிறார்களோ, அதே இடத்தில் அதே அணியை வென்ற ஆள் வேலையில்லாமல் இருக்கிறார். ப்ளூஸ் 2023 டிசம்பரில் அவரை நீக்கியிருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2019க்குப் பிறகு ப்ளூஸ் வென்றது ஒரே ஒரு ப்ளேஆஃப் சுற்று. அந்த ஒரு வசந்தத்தை மட்டும் பார்த்து அவரை மந்திரவாதி என்று நினைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

குழுவில் வேறு யார் யார்?

என்னைக் கேட்டால், தலைமைப் பயிற்சியாளரைவிட இந்தப் பட்டியல்தான் சுவாரசியம். செய்தியாளர் சந்திப்பில் பேசுகிறவர் ஒருவர். அன்றாட வேலையைப் பிரித்து எடுத்துக்கொள்கிறவர்கள் மற்றவர்கள்.

லேன் லாம்பர்ட் இணைப் பயிற்சியாளராக வந்தார். சாஸ்காச்சுவான் மாகாணத்து மெல்ஃபர்ட் ஊர்க்காரர். பாரி ட்ராட்ஸ் என்ற பெரிய பயிற்சியாளரோடு நாஷ்வில், வாஷிங்டன், நியூயார்க் ஐலண்டர்ஸ் என்று அணி அணியாகக் கூடவே போனவர். 2018இல் வாஷிங்டன் கோப்பை வென்றபோது அந்தப் பெஞ்சில் இருந்தவர். பிறகு ஐலண்டர்ஸ் அணிக்கே தலைமைப் பயிற்சியாளராகி, 2024 ஜனவரியில் நீக்கப்பட்டார். ட்ராட்ஸ் பள்ளியில் படித்தவர்கள் என்றால் கோல் விடாமல் ஆடக் கற்றுத்தருகிறவர்கள் என்று பெயர். டொராண்டோவில் அவர் கையில் தரப்பட்டது பெனால்டி தடுப்பு, அதாவது ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரம்.

மார்க் சவார்ட் பவர் ப்ளேக்கு, அதாவது ஓர் ஆள் கூடுதலாக ஆடும் நேரத்துக்கு, பொறுப்பு. ஒட்டாவாக்காரர். வீரராக 807 ஆட்டத்தில் 706 புள்ளி எடுத்தவர் (வீரருக்குப் புள்ளி என்றால் அடித்த கோலும், அடிக்க உதவிய கோலும் சேர்ந்த கணக்கு). பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, யாருக்கு, எந்த இடுக்கு வழியாகத் தள்ள வேண்டும் என்பதில் அவர் காலத்தில் மிகச் சிலரே அவருக்கு இணை. 2010 மார்ச்சில் தலையில் வாங்கிய அடியும் அடுத்த ஆண்டு வாங்கிய இன்னொரு அடியும் சேர்ந்து அவர் ஆட்டத்தை முடித்துவிட்டன. 2011இல் பாஸ்டன் கோப்பை வென்றபோது அவர் ஆடும் நிலையில் இல்லை. ஆனாலும் அணி கேட்டு வாங்கி அவர் பெயரையும் கோப்பையில் பொறிக்க வைத்தது. 2019-20இல் பெரூபியிடம் செயின்ட் லூயிஸில் இதே பவர் ப்ளே வேலையைச் செய்தார். டொராண்டோவுக்கு வருமுன் ஒரு சீசன் கால்கரியில் இருந்தார்.

மைக் வான் ரின் பழைய குழுவிலிருந்து தொடர்ந்தவர். தடுப்பாட்டக்காரர்கள் இவர் பொறுப்பு. 2019இல் பெரூபியோடு கோப்பை வென்ற உதவியாளர் இவர். 2023இலேயே டொராண்டோவுக்கு வந்துவிட்டார். வீரராகவும் ஒரு சீசன் லீஃப்ஸில் ஆடியிருக்கிறார்.

கர்டிஸ் சான்ஃபர்ட் கோல்கீப்பர் பயிற்சியாளர். இவரும் முன்பே இருந்தவர், முன்னாள் கோல்கீப்பர்.

பழைய குழுவிலிருந்து விடைபெற்றவர்களில் இரண்டு பேரைச் சொல்லலாம். பவர் ப்ளேயைக் கவனித்த கி பூஷே ஒருவர். மானி மல்ஹோத்ரா இன்னொருவர். அவர் வான்கூவரின் துணை அணியான அபட்ஸ்ஃபர்டுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், முதல் வருடமே, 2025இல், அந்தத் துணை லீக்கின் கால்டர் கோப்பையை வென்றார்.

பழகியவர்களையே சேர்த்துக்கொண்டால் ஆமாம் சாமி கூட்டமாகிவிடாதா?

நியாயமான சந்தேகம். கணக்குப் பார்த்தால் வான் ரின், சவார்ட் இரண்டு பேரும் பெரூபியோடு ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள். லாம்பர்ட் வேறு பட்டறையில் தயாரானவர், அதுவும் தலைமைப் பதவியை ருசி பார்த்தவர். முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் நின்றால், "இது சரியில்லை" என்று சொல்ல ஆளிருக்கும். தன் நாற்காலிக்கு ஆபத்து என்று நினைக்கிற தலைமைப் பயிற்சியாளர்கள் இப்படிப்பட்டவர்களைப் பக்கத்தில் விட மாட்டார்கள். பெரூபி விட்டார். அந்தக் குழுவில் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

பவர் ப்ளே என்றால் கிரிக்கெட்டில் இருப்பதுதானா?

பெயர் மட்டும்தான் ஒன்று. கிரிக்கெட்டில் எத்தனையாவது ஓவர்வரை என்று முன்கூட்டியே தெரியும். ஹாக்கியில் எதிரணி வீரர் ஒருவர் தவறு செய்து பெனால்டி பெட்டிக்குள் போனால்தான் கிடைக்கும். வழக்கமாக இரண்டு நிமிடம். பனியில் ஐந்து பேருக்கு நான்கு பேர், கோல்கீப்பர்கள் தனி. கோல் விழுந்தால் சின்னத் தவறுக்கான அந்த இரண்டு நிமிடமும் அங்கேயே முடிந்துவிடும், உள்ளே உட்கார்ந்தவர் எழுந்து வந்துவிடலாம்.

இந்த இரண்டு நிமிடம்தான் கீஃபின் வேலையைக் காவு வாங்கியது என்று சொன்னால் மிகையில்லை. 2024இல் பாஸ்டனுக்கு எதிரான அந்தத் தொடரில் லீஃப்ஸுக்கு 21 பவர் ப்ளே கிடைத்தது. அதில் அடித்த கோல் ஒன்று. சீசன் முழுக்க 69 கோல் அடித்த ஆஸ்டன் மேத்யூஸ் இரண்டு ஆட்டம் ஆடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் மிட்ச் மார்னர், வில்லியம் நைலாண்டர், ஜான் டவாரெஸ் போன்றவர்கள் இருந்த அணிக்கு 21இல் ஒன்று என்பதை எந்தக் காரணம் சொல்லியும் மூட முடியாது. ஏழாவது ஆட்டமோ ஒரே ஒரு கோலில் போனது.

சவார்ட் வந்ததும் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சீசனின் தொடக்கத்தில் பவர் ப்ளே தடுமாறியது. வழக்கமாக நான்கு முன்கள வீரர்கள், எதிரணி எல்லை தொடங்கும் நீலக்கோட்டருகே நின்று ஆட்டத்தை இயக்க ஒரு தடுப்பாட்டக்காரர் என்று இறங்குவார்கள். லீஃப்ஸில் அந்த இடம் பல வருடமாக மார்கன் ரைலிக்கு. சீசன் பாதியைத் தாண்டியதும் அவரை எடுத்துவிட்டு, முன்கள வீரர்கள் ஐந்து பேரையும் இறக்கினார்கள்: மேத்யூஸ், மார்னர், நைலாண்டர், டவாரெஸ், மேத்யூ நைஸ். மார்னர் மேலே நின்று பக்கைப் பிரித்துக் கொடுத்தார். டவாரெஸும் நைஸும் கோல் வாசலருகே.

இதில் ஆபத்து வெளிப்படையானது. பக் பறிபோனால் பின்னால் ஓடித் தடுக்கப் பழகிய ஆள் ஒருவர்கூட இல்லை. மார்னர் தடுப்பிலும் கெட்டிக்காரர் என்பதால் துணிந்தார்கள். பலன் கிடைத்தது, சீசன் முடிவில் லீஃப்ஸின் பவர் ப்ளே லீக்கின் முதல் பத்துக்குள் இருந்தது. லாம்பர்ட் கவனித்த பெனால்டி தடுப்போ நடுத்தரமாகவே நின்றது. அவர் பெயரைப் பார்த்து நான் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? சும்மா கைகட்டி நிற்பதுபோல்தானே தெரிகிறது?

அடுத்த முறை பக்கைப் பார்க்காமல் ஒரு ஐந்து நிமிடம் பெஞ்சை மட்டும் பாருங்கள்.

ஓர் ஆட்டத்துக்கு இறங்குவது இருபது பேர்: வழக்கமாகப் பன்னிரண்டு முன்கள வீரர்கள், ஆறு தடுப்பாட்டக்காரர்கள், இரண்டு கோல்கீப்பர்கள். ஒருவர் பனியில் நிற்பது ஒரு தடவைக்குச் சுமார் 45 நொடிதான். அதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆகவே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் பெஞ்சுக்குள் வருமுன் இன்னொருவர் சுவரைத் தாண்டிக் குதித்துவிடுவார். அடுத்து யார் என்பதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முன்கள வீரர்களை ஒருவர் கவனிப்பார், தடுப்பாட்டக்காரர்களை இன்னொருவர். இந்த அழைப்பில் ஒரு நொடி குழறினால் பனியில் ஆறு பேர் நின்றுவிடுவார்கள். கூட்டம் கூடிப்போனதற்கு இரண்டு நிமிடப் பெனால்டி.

சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு ஒரு சலுகை உண்டு. ஆட்டம் நின்றதும் விருந்தாளி அணி முதலில் ஆட்களை இறக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு உள்ளூர் அணி தன் ஆட்களை இறக்கலாம். எதிரணியின் நட்சத்திரம் வந்தால் நம்முடைய சிறந்த தடுப்பு ஜோடியை எதிரே நிறுத்தலாம். 2024 ஜூலையில் கிறிஸ் டானெவை லீஃப்ஸ் எடுத்தது இப்படிப்பட்ட வேலைக்குத்தான். மைதானத்தின் பாதிக்கு முன்பிருந்தே பக்கை எதிர்க்கோடிவரை அடித்துத் தள்ளி ஐசிங் வாங்கிய அணிக்கோ ஆள் மாற்றவே அனுமதி கிடையாது. களைத்துப்போன அதே ஐந்து பேர் நின்று அடுத்த மோதலைச் சந்திக்க வேண்டும். எதிரணிப் பயிற்சியாளர் உடனே தன் புத்தம்புது ஆட்களை இறக்குவார். நல்ல பெஞ்சுக்கும் சுமாரான பெஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்தவரை இந்த நேரத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் வீடியோ. எதிரணி கோல் அடித்ததும் தலைமைப் பயிற்சியாளர் குனிந்து பெஞ்சில் இருக்கும் சின்னத் திரையைப் பார்ப்பார். உள்ளே வீடியோ பயிற்சியாளர் ஆஃப்சைடா (பக்குக்கு முன்பே வீரர் எதிரணி எல்லைக்குள் போனாரா), கோல்கீப்பரை இடித்தார்களா என்று ஓட்டி ஓட்டிப் பார்த்துச் சொல்வார். மேல்முறையீடு செய்யலாம், தோற்றால் இரண்டு நிமிடப் பெனால்டி. இரண்டாவது முறையும் தோற்றால் நான்கு நிமிடம். கோல்கீப்பர் பயிற்சியாளர்கள் பொதுவாகப் பெஞ்சில் இருப்பதில்லை, மேலே உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பெரூபி வந்த பிறகு ஆட்டம் எப்படி மாறியது?

எண்களே சொல்லிவிடும். 2023-24இல் லீஃப்ஸ் அடித்தது 303 கோல், வாங்கியது 263. 2024-25இல் அடித்தது 268, வாங்கியது 231. அடிப்பதும் குறைந்தது, வாங்குவதும் குறைந்தது.

கீஃபின் அணி பக்கைக் கையிலேயே வைத்துச் சுற்றிச் சுற்றி அழகாக ஆடும். வழி கிடைக்கவில்லை என்றால் பின்னால் திரும்பி மறுபடி தொடங்கும். பெரூபிக்கு அந்தப் பொறுமை இல்லை. வழியில்லையா, பக்கை எதிரணியின் மூலைக்குத் தள்ளு, பின்னாலேயே போய் இடித்து வாங்கு. சொந்தக் கோல் வாசலில் கூட்டமாக நில், ஷாட்டை உடம்பில் வாங்கு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. என்னைப் போன்ற சிலருக்குப் பழைய ஆட்டம்தான் கண்ணுக்கு விருந்து. ஆனால் 2-1, 3-2 என்று நெருக்கடியில் முடியும் ஆட்டங்களை இந்த அணி பதற்றமில்லாமல் முடிக்கக் கற்றுக்கொண்டது.

மேத்யூஸின் கோல் 69இலிருந்து 33க்கு இறங்கியதும் இந்த மாற்றத்தால்தானா என்று கேட்பார்கள். அவர் காயத்தோடு போராடிய சீசன் அது, 67 ஆட்டம்தான் ஆடினார். பழியை முழுக்கப் பயிற்சியாளர்மேல் போட முடியாது. அதே முறையில் ஆடிய நைலாண்டர் 45 கோல் அடித்தார், டவாரெஸ் 38. மார்னர் முதல் முறையாக நூறு புள்ளியைத் தாண்டினார்.

கோல்கீப்பர்கள் விஷயத்தில் சான்ஃபர்டின் பங்கு என்ன?

அந்த சீசனில் சத்தமில்லாமல் நடந்த நல்ல காரியம் இது. ஃப்ளோரிடாவில் மாற்று ஆளாக இருந்த ஆண்டனி ஸ்டோலார்ஸை 2024 கோடையில் எடுத்தார்கள். ஜோசஃப் வோல் ஏற்கெனவே இருந்தார். முதல்நிலை கோல்கீப்பர் என்று நீண்ட அனுபவம் இரண்டு பேருக்கும் இல்லை, இரண்டு பேருக்கும் காயத் தொல்லையும் உண்டு. மாற்றி மாற்றி ஆடவைத்தே சீசனை ஓட்டினார்கள். ஸ்டோலார்ஸ் நடுவில் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போய் வந்தும், நூறு ஷாட்டில் 92.6ஐத் தடுத்து அந்தக் கணக்கில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். முன்னால் நின்று ஷாட்டை மறித்த தடுப்பாட்டக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால், சான்ஃபர்ட், வான் ரின் இருவரையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.

முதல் சீசனின் முடிவு?

52 வெற்றி, 108 புள்ளி, அட்லாண்டிக் பிரிவில் முதலிடம். 82 ஆட்டங்கள் கொண்ட முழு சீசனில் தன் பிரிவை லீஃப்ஸ் வெல்வது 1999-2000க்குப் பிறகு அதுவே முதல் முறை. முதல் சுற்றில் பக்கத்து ஊர் ஒட்டாவாவை ஆறு ஆட்டங்களில் அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த சுற்றில் நடப்புச் சாம்பியன் ஃப்ளோரிடா பாந்தர்ஸ். முதல் இரண்டு ஆட்டமும் டொராண்டோவுக்கு. மூன்றாவதில் இரண்டு கோல் முன்னிலை எடுத்தும், கூடுதல் நேரத்தில் பிராட் மார்ஷாண்ட் அடித்த கோலில் தோல்வி. பாஸ்டனில் இருந்த காலத்தில் இதே ஊரை வருடக்கணக்கில் அழவைத்தவர், சீருடை மாறியும் விடவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் 6-1 என்று தோல்வி. ரசிகர்கள் சட்டையைக் கழற்றிப் பனியில் வீசினார்கள். ஆறாவதைப் போய் 2-0 என்று வென்று வந்தார்கள். மே 18 அன்று ஏழாவது ஆட்டம், மறுபடி சொந்த மைதானம், மறுபடி 6-1. ஏழாவது ஆட்டங்களில் 2013 முதல் தொடர்ந்து ஏழாவது தோல்வி.

அப்படியானால் குழுவை மாற்றி என்ன பயன்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கோபத்தோடு கேட்கிறார்கள். என் கருத்து இது: ஒரு குழு ஏழு மாதத்தில் மாற்றக்கூடியதை மாற்றியது. கோல் வாங்குவது குறைந்தது, பவர் ப்ளே எழுந்தது, ஒரு சுற்றுக் கூடுதலாகப் போனது. ஃப்ளோரிடாவிடம் தோற்பது அவமானமும் இல்லை. அந்த அணிதான் அந்த வருடக் கோப்பையையும் வென்றது. முதல் ஆட்டத்திலேயே ஸ்டோலார்ஸ் தலையில் முழங்கை பட்டு வெளியேறியதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் ஐந்தாவது ஆட்டத்திலும் ஏழாவதிலும் தோற்ற விதத்துக்குப் பயிற்சியாளர்கள் பதில் சொல்லியாக வேண்டும். எளிமையாக ஆடு, நெருக்கத்தில் நில் என்பதுதான் பெரூபியின் மொத்தப் பாடம். ஃப்ளோரிடா அதே பாடத்தை இன்னும் வேகமாக, முன்கள வீரர்களின் நான்கு வரிசையும் சலிக்காமல் ஆடியது. அழுத்தம் வந்ததும் லீஃப்ஸ் தடுப்பாட்டக்காரர்களால் பக்கைத் தங்கள் எல்லைக்கு வெளியே கொண்டுவரவே முடியவில்லை. அதற்கு மாற்றுவழி எதுவும் பெஞ்சிலிருந்து வந்ததாகவும் தெரியவில்லை.

மேலிடம் வேறு ஆட்களைத்தான் மாற்றியது. ஷனஹனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கோடையில் மார்னர் வேகஸ் அணிக்குப் போய்விட்டார். பெரூபி தொடர்ந்தார்.

கேப்டனை மாற்றியதும் புதிய குழுவின் வேலையா?

2024 ஆகஸ்டில் டவாரெஸிடமிருந்து மேத்யூஸுக்குக் கேப்டன் பொறுப்பு போனது. இதை அணி நிர்வாகமும் வீரர்களும் சேர்ந்தே நடத்தினார்கள். டவாரெஸே மேடையில் உட்கார்ந்து கைமாற்றிக் கொடுத்தார்.

ஸ்கார்பரோவில் இருக்கும் எங்கள் அக்கா பிள்ளைகள் இதற்குப் போய் இப்படிப் பதறுகிறார்களே, ஏன்?

அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உள்ளூர் அணி, அவ்வளவுதான். இலங்கைக்கு வெளியே ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழும் ஊர்களில் டொராண்டோவும் ஒன்று; ஸ்கார்பரோவில் பள்ளிக்கூடம், பேருந்து, கடை என்று எங்கே போனாலும் லீஃப்ஸ் பேச்சு காதில் விழும். ஏப்ரல் மாதம் காரின் கண்ணாடியில் நீலக்கொடி செருகுகிற பழக்கம் அம்மா அப்பாவுக்கும் தொற்றிவிடுகிறது. வர்ணனை மட்டும் தமிழில் கிடையாது. பஞ்சாபியில் 2008 முதலே உண்டு. நம் ஆட்கள் யாராவது முயலலாம், கேட்க ஆளிருக்கிறது.

லாம்பர்ட் போய்விட்டாராமே?

ஆமாம். 2025 மே கடைசியில் சியாட்டில் க்ராக்கன் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. நல்ல உதவியாளரை வைத்திருப்பதில் இருக்கிற தொல்லை இது. ஒரு சீசனுக்குமேல் கையில் நிற்பதில்லை.

அவர் இடத்துக்கு டெரெக் லலோன்டை எடுத்தார்கள். நியூயார்க் மாகாணத்துக்காரர். டாம்பாவில் உதவியாளராக 2020, 2021 இரண்டு கோப்பையும் வென்றவர். பிறகு டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகி, 2024 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நீக்கப்பட்டவர். மறுபடியும் வெளிப்பட்டறை ஆள், மறுபடியும் ஒரு முன்னாள் தலைமைப் பயிற்சியாளர். பெரூபி இந்த விஷயத்தில் தன் வழக்கத்தை மாற்றவில்லை.

பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கும் பணம் வீரர்களின் சம்பள வரம்பில் சேருமா?

சேராது. 2024-25இல் ஓர் அணி தன் வீரர்களுக்கு அதிகபட்சம் 88 மில்லியன் டாலர்தான் ஒதுக்கலாம் என்று வரம்பு இருந்தது. பயிற்சியாளர், வீடியோ ஆட்கள், உடற்பயிற்சி நிபுணர் யாருக்கும் அந்த வரம்பு கிடையாது. அதனால்தான் டொராண்டோ போன்ற பணக்கார அணிகள், ஒப்பந்தம் பாக்கியிருக்கும்போதே ஒரு பயிற்சியாளரை அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கொண்டுவரத் தயங்குவதில்லை.